நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்புவது: பல நாடுகள் கைகோர்த்தும் சந்தேகம் ஏன் தீரவில்லை?

வான்வழி:

1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பிய பிறகு நிலவில் யாரும் கால் வைக்கவில்லை. இப்போது ஆர்ட்டெமிஸ் என்ற பெயரில் அமெரிக்காவும், 2030க்குள் இறங்கிவிடுவோம் என்று சீனாவும் தயாராகின்றன. ஆர்ட்டெமிஸில் அமெரிக்கா தனியாகப் போகவில்லை. வீரர்கள் உட்கார்ந்து போகும் ஓரியன் கலத்துக்கு மின்சாரம், உந்துவிசை, தண்ணீர், காற்று எல்லாம் தருகிற சேவைப் பகுதியை ஐரோப்பிய விண்வெளி முகமை செய்கிறது. ஜெர்மனியின் பிரேமனில் ஏர்பஸ் அதைப் பூட்டி முடிக்கிறது. ஆர்ட்டெமிஸ் 2 குழுவுக்கு 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நால்வரில் ஜெரமி ஹான்சன் கனடாவைச் சேர்ந்தவர். விண்வெளி உடை இல்லாமலே உள்ளே உட்கார்ந்து ஓட்டக்கூடிய, காற்றழுத்தம் உள்ள நிலவு வண்டியை ஜப்பான் தருகிறது. பதிலுக்கு ஜப்பானியர் இருவர் நிலவில் இறங்கலாம் என்று 2024 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் பொதுமக்களிடம் பெரிய ஆர்வம் இல்லை. 2023ல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் கேட்டபோது, நிலவுக்கு ஆள் அனுப்புவது நாசாவின் தலையாய வேலையாக இருக்க வேண்டும் என்றவர்கள் 12 சதவீதம் மட்டுமே. பூமியில் மோதக்கூடிய விண்கற்களைக் கண்காணிப்பதற்கு அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் 60 சதவீதம்.

இந்தப் பயணம் நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். ஆனால் சந்தேகப்படுகிறவர்களை விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் சந்தேகம் எது, அது எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். பேசுவோம்.

கணக்கர்:

எனக்கு உறுத்துவது செலவுதான். 2022 மார்ச்சில் நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு சொன்ன கணக்கு இது: ஆர்ட்டெமிஸை ஏவுகிற எஸ்எல்எஸ் ராக்கெட்டும் ஓரியனும் சேர்ந்து முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 410 கோடி டாலர். வடிவமைத்து உருவாக்கிய செலவு இதில் சேரவில்லை. 2025 நிதியாண்டு வரை ஆர்ட்டெமிஸுக்கு மொத்தம் 9,300 கோடி டாலர் போய்விடும் என்றும் அதே அலுவலகம் மதிப்பிட்டது. இதை எதிர்க்கட்சிக்காரர் யாரும் சொல்லவில்லை. நாசாவின் சொந்தத் தணிக்கை இது.

இன்னொன்று. ஆளில்லாச் சோதனைப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1ல் எரிந்த நான்கு ஆர்எஸ்-25 எஞ்சின்களும் அதற்கு முன்பு விண்வெளி ஓடங்களில் பறந்து, பத்திரமாகத் திரும்பி, மறுபடி பறந்தவை. 2022 நவம்பரில் ஒரே ஏவலோடு நான்கும் கடலில் போய்ச் சேர்ந்தன. திரும்பப் பயன்படுத்தவென்றே செய்த எஞ்சினை ஒரு தடவை எரித்துத் தூக்கிப் போடுகிற திட்டத்துக்கு வரிப்பணம் கேட்டால், ஏன் என்று கேட்பவனிடம் குற்றம் காண முடியாது.

பல நாடுகள் சேர்ந்தால் செலவு பங்காகும் என்பார்கள். பாதிதான் உண்மை. ஒவ்வொரு நாடும் தன் தொழிற்சாலைக்குத்தான் பணம் கொடுக்கும். ஒரு நாட்டின் பாகம் இன்னொரு நாட்டின் பாகத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கவே தனி வேலை, தனிக் கூட்டங்கள், தனித் தாமதம். மொத்தச் செலவு பல நேரம் கூடத்தான் செய்யும்.

1969 ஜூலையில் அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள், கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ரால்ஃப் அபர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்துக்கே போய் நின்றார். நிலவுக்குப் போக முடிகிற நாட்டில் குழந்தைகள் ஏன் பசியோடு இருக்கின்றன என்பதுதான் அவர் கேட்டது. அன்றைய நாசா தலைவர் தாமஸ் பெய்ன் நேரில் வந்து அவரோடு பேசினார். அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது என் கருத்து.

பழைய ஏடு:

கணக்கர் அபர்னதியை நினைவூட்டியது நல்லது. அன்று எல்லோரும் ஒன்றாக நின்று கைதட்டினார்கள், இன்று மக்கள் சலித்துவிட்டார்கள் என்றொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அது உண்மை இல்லை. 1960களின் கருத்துக்கணிப்புகளை வரலாற்றாசிரியர் ரோஜர் லானியஸ் தொகுத்திருக்கிறார். அந்தப் பத்தாண்டில் பெரும்பாலான நேரம், இந்தச் செலவு தகாது என்றவர்களே அதிகம். தகும் என்றவர்கள் பாதியைத் தாண்டியது அப்போலோ 11 இறங்கிய சமயத்தில்தான். 1966ல் அமெரிக்க அரசின் செலவில் 4 சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இப்போது அரை சதவீதத்துக்கும் கீழே. 1970லேயே, திட்டமிட்டிருந்த கடைசி மூன்று பயணங்களை ரத்து செய்தார்கள்.

அதே போல, கூட்டாகப் போகலாம் என்ற யோசனையும் புதிதல்ல. 1963 செப்டம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபையில் கென்னடியே கேட்டார்: நிலவுக்குப் போவதை ஏன் நாடுகளுக்கு இடையேயான போட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும், சோவியத் ஒன்றியமும் நாமும் சேர்ந்தே போகலாமே என்று. இரண்டு மாதத்தில் அவர் கொல்லப்பட்டார், பேச்சு அதோடு நின்றது.

இன்றைய அவநம்பிக்கைக்கு என்ன காரணம் என்று என்னைக் கேட்டால் தேதிகளைத்தான் காட்டுவேன். 1989 ஜூலையில் மூத்த புஷ், நிலவுக்குத் திரும்புவோம் என்று அறிவித்தார். நடக்கவில்லை. 2004 ஜனவரியில் இளைய புஷ் 2020க்குள் என்றார். அந்தத் திட்டத்தை ஒபாமா அரசு 2010ல் கைவிட்டது. 2019 மார்ச்சில் துணை அதிபர் பென்ஸ் 2024க்குள் என்றார். 2024 வந்து போனது. ஒரு தலைமுறை முழுக்க இதையே கேட்டு வளர்ந்திருக்கிறது. அடுத்து ஒருவர் மேடையேறி ஒரு வருடத்தைச் சொன்னால் அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

கணக்கர்:

இதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு அறிவியலில் அவநம்பிக்கை இல்லை, அறிவிப்புகளில்தான்.

நேர்க்கேள்வி:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். நான் நேராகக் கேட்கிறேன், கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள். இன்றைய கைபேசியை விடப் பல மடங்கு வலு குறைந்த கணினியை வைத்துக்கொண்டு 1969க்கும் 1972க்கும் நடுவே ஆறு முறை இறங்கினார்கள் என்கிறார்கள். இன்று அதே நாடு, அதைவிட நூறு மடங்கு வசதிகளோடு, கூடவே பத்து நாடுகளையும் சேர்த்துக்கொண்டு, வருடக்கணக்காகத் தள்ளிப் போடுகிறது. வெப்பக் கவசம் கருகியது, ஹைட்ரஜன் கசிந்தது, இறங்குகலம் தயாரில்லை என்கிறார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? அன்று உண்மையில் முடிந்ததா என்ற சந்தேகம் எனக்கு இதனால்தான் வந்தது. படித்தவர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். யாரும் பதில் சொல்வதில்லை.

பாறைமடி:

சிரிக்கப் போவதில்லை நண்பரே. நிலவியல் படித்தவன், அதனால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு பயணங்களும் சேர்ந்து கொண்டுவந்தது 382 கிலோ. அந்தக் கற்களின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடிப் பூச்சோடு மிகச் சிறிய குழிகள் தெரியும். மணலை விடச் சிறிய விண்துகள்கள் அசுர வேகத்தில் மோதி உருகவைத்த தடம் அது. காற்றுமண்டலம் உள்ள பூமியில் கிடக்கும் எந்தக் கல்லிலும் அது உருவாகாது. அதோடு, தண்ணீர் பட்டதால் வரும் களிமண் கனிமங்கள் அவற்றில் இல்லை. இதைப் பார்த்துச் சொன்னவர்கள் நாசா ஆட்கள் மட்டுமல்ல. சோவியத் ஒன்றியமும் லூனா 16, 20, 24 என்ற மூன்று எந்திரக் கலங்களால் சுமார் 300 கிராம் மண் எடுத்து வந்தது. 1971ல் இரு நாடுகளும் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டன. எதிராளி பொய் சொல்கிறான் என்று நிரூபிக்க அதைவிட நல்ல வாய்ப்பு மாஸ்கோவுக்குக் கிடைத்திருக்காது.

ஒரு மாதிரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்போலோ 17ல் ஒரு குழாயைத் தரைக்குள் அடித்து எடுத்த மண்ணை, நிலவிலேயே வெற்றிடப் பாத்திரத்தில் அடைத்து மூடினார்கள். அதன் எண் 73001. அன்றைய கருவிகளால் முழுப் பலன் எடுக்க முடியாது, பின்னால் வருபவர்கள் பார்க்கட்டும் என்று ஐம்பது வருடம் யாரும் திறக்கவில்லை. 2022ல்தான் திறந்தார்கள். உள்ளே இருக்கும் வாயு தப்பிவிடாமல் பாத்திரத்தின் அடியைத் துளைக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுத்தது ஐரோப்பிய விண்வெளி முகமை. பொய்யாக ஒரு நாடகம் போட்டவர்கள், ஐம்பது வருடம் கழித்து வேற்று நாட்டவர் துளைத்துப் பார்க்கட்டும் என்று சாட்சியைப் பூட்டிவைத்திருப்பார்களா?

அடுத்து, அன்று முடிந்தது இன்று ஏன் கடினம் என்ற கேள்வி. அது நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. அப்போலோவை ஏவிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைச் செய்த தொழிற்சாலை வரிசைகளை மூடிவிட்டார்கள். செய்தவர்கள் ஓய்வுபெற்று, பலர் இறந்தும்விட்டார்கள். இப்போது போக நினைக்கும் இடமும் வேறு. அப்போலோ எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில், வெளிச்சமான பகுதிகளில் இறங்கின. இப்போதைய இலக்கு தென்துருவம். சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும், நிழல்கள் கிலோமீட்டர் கணக்கில் நீளும்.

வெப்பக் கவச விஷயமும் அப்படித்தான். ஆர்ட்டெமிஸ் 1 ஆளில்லாமல் போய்த் திரும்பியபோது, ஓரியனின் கவசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய பொருள் எதிர்பாராத விதமாகப் பெயர்ந்திருந்தது. கலம் காற்றுமண்டலத்தில் ஒரு முறை நுழைந்து, கொஞ்சம் மேலெழும்பி, மறுபடி நுழைகிற முறையில் வந்தது. அந்த இடைவெளியில் கவசத்துக்குள் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி வெடிப்பு விட்டது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். உள்ளே ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றும் சொன்னார்கள். இருந்தும் காரணம் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார்கள். 1960களின் அவசரத்தில் அப்படி நின்று நிதானித்திருப்பார்களா என்பது சந்தேகம். 1967ல் அப்போலோ 1 தரையிலேயே தீப்பிடித்து மூன்று பேர் இறந்த பிறகுதான் நிதானம் வந்தது.

பழைய ஏடு:

பாறைமடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கிக் கால் வைத்த காட்சியை உலகம் பார்த்தது ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருகே இருந்த ஹனிசக்கிள் க்ரீக் நிலையத்தின் வழியாக. சில நிமிடம் கழித்து பார்க்ஸ் தொலைநோக்கியின் படம் நன்றாக வந்ததால் அதற்கு மாற்றினார்கள். பூமி சுழல்கிறது, அதனால் நிலவிலிருந்து வரும் சமிக்ஞையை ஒரே நாட்டில் உட்கார்ந்து 24 மணி நேரமும் பிடிக்க முடியாது. கலிஃபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா மூன்றிலும் ஆண்டெனா வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் அந்தந்த நாட்டு ஆட்கள். ஆண்டெனாவை நிலவை நோக்கித் திருப்பினால்தான் சமிக்ஞை வரும். சில டிகிரி விலகினால் வராது. இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் தொலைநோக்கி, யாரும் கேட்காமலே தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அதே சமயம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சோவியத் லூனா 15ஐயும் சேர்த்து.

அமெரிக்கக் கொடி நடுவதற்கு முன்பே ஆல்ட்ரின் விரித்து நிறுத்தியது ஓர் அலுமினியத் தகடு. சூரியக் காற்றின் துகள்களைப் பிடிக்க, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம் செய்து கொடுத்தது. முதல் இறக்கத்திலேயே வேற்று நாட்டுச் சோதனை ஒன்று இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

நேர்க்கேள்வி:

நன்றி. கல்லை நான் போய்ப் பார்க்க முடியாது, அதனால் அது எனக்கு அவ்வளவு பேசவில்லை. ஆண்டெனா விஷயம் யோசிக்க வைக்கிறது. பல நாடுகளின் ஆட்கள் தனித்தனியாகக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்றால் எல்லோரையும் ஒரே பொய்க்குள் கொண்டுவருவது கஷ்டம்தான். இப்போதைய பயணங்களிலும் அப்படி வெளியார் கேட்க முடியுமா? அல்லது நாசா கொடுக்கும் காணொளியை மட்டும் நம்ப வேண்டுமா?

வான்வழி:

முடியும். ஆர்ட்டெமிஸ் 1 போனபோதே ஆர்வலர்கள் சொந்த ஆண்டெனா வைத்து ஓரியனின் சமிக்ஞையைப் பிடித்தார்கள். அப்புறம், இறங்கிய இடங்களைப் பார்க்க இப்போது நாசா மட்டும் இல்லை. 2009 முதல் நாசாவின் எல்ஆர்ஓ கலம் அப்போலோ இறங்குகலங்களையும் நடந்த தடங்களையும் படமெடுத்திருக்கிறது. சரி, அது அவர்களுடையது என்பீர்கள். சந்திரயான் 2ன் கேமராவும் அப்போலோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்திருக்கிறது. கூட்டு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொந்தக் கருவியால் சரிபார்க்க முடிந்தால், நம்பு என்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

சட்டப்படி:

கூட்டு, கூட்டு என்கிறீர்கள். யாரோடு யார் கூட்டு என்று பார்த்தீர்களா?

1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. 1979ல் வந்த நிலவு ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போய், அங்குள்ள வளங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது. விண்வெளிக்குப் போகும் பெரிய நாடுகள் எதுவும் அதை உறுதிசெய்யவில்லை. இந்தியா கையெழுத்துப் போட்டதோடு சரி. 2015ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, விண்வெளியில் தோண்டி எடுத்ததை எடுத்த நிறுவனம் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம் என்றது. 2020 அக்டோபரில் எட்டு நாடுகளோடு தொடங்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகளும் அதே திசையில்தான் போகின்றன. இந்தியா 2023 ஜூனில் சேர்ந்தது. இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். ஆனால் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல அது. கொள்கை அறிக்கை, அவ்வளவுதான்.

மறுபுறம், 2021ல் சீனாவும் ரஷ்யாவும் நிலவில் கூட்டு ஆய்வு நிலையம் அமைப்பதாகக் கையெழுத்திட்டன. 2011 முதல் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் உல்ஃப் திருத்தத்தின்படி, தனி அனுமதி இல்லாமல் நாசா சீன அரசோடு இருதரப்பு வேலை எதுவும் செய்யக் கூடாது. ஆக, கூட்டு என்று நாம் கொண்டாடுவது இரண்டு முகாம்களை. இரண்டு முகாம்களுக்கும் தென்துருவம்தான் வேண்டும். ஷேக்கிள்டன் பள்ளத்தை ஒட்டிய சில மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் அடிக்கும். பக்கத்திலேயே என்றும் வெயில் படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கலாம். அப்படிப்பட்ட மேடுகள் அதிகம் இல்லை. உடன்பாடுகளில் 'பாதுகாப்பு வளையம்' என்றொரு ஏற்பாடு உண்டு: நான் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி நீ வருவதற்கு முன் என்னிடம் சொல்லிவிட்டு வா என்பது. நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் மேட்டின் உச்சியில் முதலில் வளையம் போட்டவன், பெயருக்குச் சொந்தக்காரன் இல்லாவிட்டாலும் காரியத்தில் சொந்தக்காரன்தானே? மக்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் இது என்பேன்.

வான்வழி:

சட்டப்படி ஐயா, நியாயமான எச்சரிக்கை. ஆனால் இரண்டு முகாம் என்ற சித்திரம் முழுதாகப் பொருந்தவில்லை. 2024ல் நிலவின் மறுபக்கத்திலிருந்து மண் எடுத்துவந்த சீனக் கலம் சாங்'இ 6ல் பிரான்ஸ், இத்தாலி, ஐரோப்பிய முகமை, பாகிஸ்தான் எல்லாம் கருவி அனுப்பின. முதல் மூன்றும் ஆர்ட்டெமிஸில் இருப்பவை. தாய்லாந்து 2024ல் சீன நிலையத் திட்டத்திலும் சேர்ந்தது, அதே வருடம் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டது. 2025ல் சாங்'இ 5ன் மண்ணை ஆய்வுக்குக் கடன் கொடுத்தபோது சீனா அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆராய்ச்சியாளர்கள் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்து சேர்ந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சந்திரயான் 1ஐயும் மறக்க வேண்டாம். இந்தியக் கலத்தில் பறந்த அமெரிக்கக் கருவி எம்3தான் நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயம் பரவலாக இருப்பதைக் காட்டியது. 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். இன்று எல்லோரும் தென்துருவம் என்று ஓடுவதில் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கருவி செய்தவர்கள் அமெரிக்கர்கள். கலம் இருந்தவர்கள் இடம் கொடுத்தார்கள்.

கருவியாளர்:

நீங்கள் சொன்ன உதாரணம் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒன்றில்கூட ஆள் இல்லை. சாங்'இ 6 கிட்டத்தட்ட 2 கிலோ மண்ணை, பூமியிலிருந்து நேராகப் பார்க்கவே முடியாத பக்கத்திலிருந்து எடுத்துவந்தது. எந்திரம்தான் செய்தது. நீரின் தடயத்தைக் கண்டதும் எந்திரம்தான். யாருடைய உயிரும் பணயம் இல்லை.

நாசா தென்துருவத்தில் பனிக்கட்டி தேட வைப்பர் என்ற வண்டியைக் கட்டி முடித்துவிட்டு, சுமார் 45 கோடி டாலர் செலவழித்த பிறகு, 2024 ஜூலையில் பணமில்லை என்று ரத்து செய்தது. பிறகு 2025ல் வேறொரு இறங்குகலத்தில் அனுப்ப ஏற்பாடாகி உயிர்பிழைத்தது. எஸ்எல்எஸ்ஸும் ஓரியனும் ஒரு தடவை பறக்கிற செலவில் இப்படி ஒன்பது வண்டி செய்யலாம். அது பலர் கண்ணில் படுகிறது. நானும் அவர்களில் ஒருவன்.

பாறைமடி:

கருவியாளர், எந்திரங்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் தூரத்தைப் பாருங்கள். சோவியத்தின் ஆளில்லா நிலவு வண்டி லூனோகோட் 1 பத்து மாதத்துக்கு மேல் ஓடியும் கடந்தது 10 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய தூரம். அப்போலோ 17ல் இரண்டு பேர் மூன்று நாளில் வண்டியில் சுற்றியது சுமார் 35 கிலோமீட்டர்.

தூரத்தை விட முக்கியமான ஒன்று. அந்த இருவரில் ஹாரிசன் ஷ்மிட் நிலவியலாளர். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது, தன் பூட்ஸ் கிளறிவிட்ட இடத்தில் மண் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் கண்டார். சுற்றிலும் சாம்பல். ஆக்சிஜன் கணக்குப்படி அந்த இடத்தில் நிற்கவே அரை மணி நேரம்தான். அதற்குள் குறுக்கே ஒரு சிறு பள்ளம் வெட்டி, நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, இரண்டு பக்கத்திலும் மாதிரி எடுத்து, நடுவில் குழாயை இறக்கி ஆழத்திலிருந்தும் எடுத்தார்கள். எதை, எந்த வரிசையில் எடுப்பது என்று பூமியைக் கேட்டுக் காத்திருக்கவில்லை. சுமார் 360 கோடி வருடங்களுக்கு முன்பு எரிமலை ஊற்றாகப் பீறிட்ட கண்ணாடி மணிகள் அவை. 2008ல் அப்போலோ கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளை ஆராய்ந்து, அவற்றுக்குள் நீர் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நிலவின் உள்பகுதி முழுக்க வறண்டது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

எந்திரம் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அரை மணியில் முடிந்திருக்காது. அது நிச்சயம்.

கருவியாளர்:

ஏற்கிறேன், பயிற்சி பெற்ற கண்ணுக்கு ஈடு இல்லை. ஆனால் இறங்கிய 12 பேரில் நிலவியலாளர் ஒருவர்தான், அதுவும் கடைசிப் பயணத்தில். ஆள் அனுப்புவதற்குக் காரணம் அறிவியல் என்றால் அந்த விகிதம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இந்த முறை யாரை அனுப்புகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நோக்கம் எது என்று நான் முடிவு செய்வேன்.

வான்வழி:

அது சரியான அளவுகோல். இப்போது பழைய ஏடு தொட்ட தேதிப் பிரச்சினைக்கு வருகிறேன். கூட்டுதான் அதற்கு மருந்து என்பது என் வாதம்.

1993 ஜூனில் விண்வெளி நிலையத் திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்ற தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வந்தது. 216க்கு 215 என்று ஒரே ஒரு வாக்கில் திட்டம் தப்பியது. அதே வருடம் ரஷ்யாவைச் சேர்த்துக்கொண்டார்கள். 1998ல் 15 அரசுகள் கையெழுத்திட்டன, முதல் பகுதி பறந்தது. 2000 நவம்பர் முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் அந்த நிலையம் இருந்ததில்லை. எத்தனை அதிபர்கள் மாறினார்கள், உக்ரைன் போர் வந்தது, ஓடங்கள் ஓய்வுபெற்றன. நிலையம் நிற்கிறது. தனி நாட்டின் திட்டமாக இருந்திருந்தால் ஏதோ ஒரு வருட பட்ஜெட்டில் காலி ஆகியிருக்கும்.

கணக்கர்:

அந்த மருந்து எல்லா நேரமும் வேலை செய்யவில்லையே. ஐரோப்பாவோடு சேர்ந்து போட்ட எக்ஸோமார்ஸ் செவ்வாய்த் திட்டத்திலிருந்து 2012ல் நாசா விலகியது. ஐரோப்பா ரஷ்யாவைச் சேர்த்துக்கொண்டது. 2022ல் போர் வந்ததும் அந்தக் கூட்டும் உடைந்தது. வண்டி தயாராகி, ஏற்றிச்செல்ல ஆளில்லாமல் நின்றது.

நிலவிலேயே பாருங்கள். நிலவைச் சுற்றுவதற்கென்று திட்டமிட்ட கேட்வே நிலையத்துக்குக் கனடா எந்திரக் கை தருவதாக ஒப்புக்கொண்டது, ஐக்கிய அரபு அமீரகம் வீரர்கள் வெளியே போய்வர உதவும் காற்றறை தருவதாகச் சொன்னது. இத்தாலியின் டூரினில் செய்த குடியிருப்புப் பகுதியின் கூடு 2025 ஏப்ரலில் அமெரிக்கா வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே கேட்வேயை நிறுத்திவிடலாம் என்று அமெரிக்க அரசு பட்ஜெட் முன்மொழிவில் எழுதியது. பிறகு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது, அது வேறு. ஆனால் டூரினில் அதைப் பற்றவைத்தவர் அந்தச் செய்தியைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்? மற்றவர்களை நம்பவைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கூட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டப்படி:

அதனால்தான் கையெழுத்து எண்ணிக்கையை வைத்து மகிழ வேண்டாம் என்கிறேன். பாகங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

1970ல் அப்போலோ 13ல் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் மூவரும் இறங்குகலத்துக்குள் ஒதுங்கினார்கள். மூச்சில் வரும் கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பாக்கள் தாய்க்கலத்தில் சதுரம், இறங்குகலத்தில் வட்டம். ஒரே நாடு, ஒரே திட்டம், ஒரே ராக்கெட்டில் போன இரண்டு கலங்கள். செய்த நிறுவனம் வேறு, அதனால் வடிவம் வேறு. பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் நாடா வைத்துச் சதுரத்தை வட்டத்தில் பொருத்தித்தான் உயிர் பிழைத்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து அப்போலோவும் சோவியத் கலமான சோயுஸும் விண்ணில் இணைந்தன. அதற்காக இரு நாட்டுப் பொறியாளர்களும் ஒரு இணைப்புக் கருவி செய்தார்கள். இருபக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கமும் செயல்படும் பக்கமாக இருக்கலாம், பிடிபடும் பக்கமாகவும் இருக்கலாம். அரசியல் எவ்வளவோ கெட்டுப்போனது, அந்த வடிவத்தின் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன. 2010ல் நிலையக் கூட்டாளிகள் பொது இணைப்புத் தரம் ஒன்றையும் வெளியிட்டார்கள்.

1967 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, ஒரு நாட்டின் விண்வெளி வீரர்கள் இன்னொரு நாட்டின் வீரர்களுக்கு இயன்ற உதவி அனைத்தும் செய்ய வேண்டும் என்கிறது. அமெரிக்காவும் சீனாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடுகள். பத்து வருடத்தில் தென்துருவத்தில் இரண்டு முகாமின் ஆட்களும் சில மணி நேர வண்டித் தூரத்தில் இருக்கலாம். ஒருவருடைய உடையில் காற்று கசிந்தால், மற்றவர் ஓடி வருவார் என்றே நம்புகிறேன். வந்து என்ன செய்வார்? அவருடைய ஆக்சிஜன் குழாய் இவருடைய உடையில் மாட்டுமா? இருவரும் ஒரே அலைவரிசையில் பேச முடியுமா?

வான்வழி:

அலைவரிசை மட்டுமல்ல, கடிகாரமும்கூட. ஈர்ப்பு குறைவாக இருப்பதால் நிலவில் கடிகாரம் ஒரு நாளைக்கு ஐம்பது சொச்சம் மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரு மைக்ரோ விநாடியில் ஒளி 300 மீட்டர் போய்விடும். கடிகாரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும் வழிகாட்டிக் கருவியில் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் பிழை சேரும். நிலவுக்கென்று ஒரு பொது நேரத்தை 2026க்குள் வகுக்கச் சொல்லி 2024 ஏப்ரலில் வெள்ளை மாளிகை நாசாவுக்கு உத்தரவிட்டது. ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டால் மீட்பு வண்டி எந்த இடத்துக்குப் போகும்?

நேர்க்கேள்வி:

இதையெல்லாம் செய்திகளில் ஏன் சொல்வதில்லை? கொடி, உரை, கவுண்ட்டவுன், கைதட்டல் மட்டும்தான் காட்டுகிறார்கள். குழாய் மாட்டுமா, கடிகாரம் ஒத்துப்போகுமா என்று பேசினால் எனக்கும் புரியும், எனக்கும் அக்கறை வரும். அன்று போனார்களா இல்லையா என்பதை இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறேன். முடிவாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போது போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கணக்கர்:

என் ஆதரவு வேண்டுமென்றால் மூன்று காரியம் செய்யட்டும். ஒவ்வொரு பயணத்தின் முழுச் செலவையும் ஒரே இடத்தில், ஒரே முறையில், எல்லாக் கூட்டாளி நாடுகளும் வெளியிட வேண்டும். தணிக்கையாளர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் அந்த 410 கோடி பொதுவெளிக்கு வந்தது. தேர்தல் காலண்டரைப் பார்த்து வருடம் அறிவிப்பதை நிறுத்த வேண்டும். சோதனை முடிந்தால் போவோம் என்று சொல்லட்டும், பொறுத்துக்கொள்கிறேன். அப்புறம், கூட்டாளி நாடு கட்டிக்கொடுத்த பாகத்தைக் கைவிடுவதாக இருந்தால் அதற்கு ஈடு என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். சட்டப்படி, கடைசியாகச் சொன்னதற்கு ஏதாவது முன்மாதிரி இருக்கிறதா?

சட்டப்படி:

ஓரளவு இருக்கிறது. 1998 விண்வெளி நிலைய ஒப்பந்தத்தில், விலக நினைக்கும் நாடு ஒரு வருடம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், மற்றவர்களோடு பேசி நிலையம் தொடர வழி செய்ய வேண்டும் என்று உண்டு. அது அரசுகளுக்கு இடையிலான முறையான ஒப்பந்தம், சில நாடுகளில் நாடாளுமன்றம் வரை போனது. ஆர்ட்டெமிஸில் கூட்டாளிகளோடு தனித்தனிப் புரிந்துணர்வுகள்தான் அதிகம், அதனால்தான் ஒரு பட்ஜெட் முன்மொழிவுக்கே எல்லாம் ஆடிப்போகிறது. நிலவுத் தளத்துக்கும் 1998 போல ஒன்று வேண்டும் என்று கூட்டாளி நாடுகள் சேர்ந்து கேட்கலாம். அமெரிக்காவுக்கு ஐரோப்பாவின் சேவைப் பகுதி இல்லாமல் ஓரியன் நகராது. கேட்பதற்கு அந்தப் பிடி போதும்.